தலை உருண்டாலும் யுஏ!

சினிமா கேள்வி – பதில்

பெரிய நடிகர் படம் என்றாலே இரண்டரை மணி நேரமும் வெட்டு, குத்துதான். வன்முறை இல்லாமல் படமே எடுக்க முடியாதா?
– வாசகி, கும்பகோணம்

முடியும். ஆனால் இப்போது எடுப்பவர்கள் வன்முறையை அளவுக்கு மீறித்தான் நம்புகிறார்கள். கேட்டால் ‘ரசனை மாறிவிட்டது’ என்பார்கள். ரசனைக்கு முன்னால் மாறியது கணக்கு.

தமிழில் பெயர் வைத்த படங்களுக்கு 2006-இல் கேளிக்கை வரி விலக்கு கிடைத்தது. 2011-இல் எல்லா வயதினரும் பார்க்கலாம் என்ற ‘யு’ தணிக்கைச் சான்றிதழ் இருந்தால்தான் விலக்கு என்று ஆக்கினார்கள். வன்முறையும் ஆபாசமும் மிகுந்த படத்துக்குச் சலுகை கிடையாது என்பதும் நிபந்தனைகளில் ஒன்று. வரியோ 30 சதவீதம் வரை. அந்த ஒரு எழுத்துக்காகத் தயாரிப்பாளரே எடிட்டர் பக்கத்தில் உட்கார்ந்து ரத்தத்தைக் குறைத்தார். 2017 ஜூலை 1-இல் ஜிஎஸ்டி வந்தது. 100 ரூபாய்க்கு மேற்பட்ட டிக்கெட்டுக்கு 28 சதவீதம். யு படமானாலும் பெரியவர்களுக்கு மட்டுமான ஏ படமானாலும் அதேதான். வரி விகிதம் பின்னால் குறைந்தது, ஆனால் ‘யு’வுக்கு என்று தனிச் சலுகை திரும்பவில்லை. பிறகு யார் மெனக்கெடுவார்கள்?

இன்னொன்று, பான் இந்தியா ஆசை. வடிவேலு காமெடியை இந்திக்குக் கொண்டுபோனால் பாதி செத்துவிடும். அரிவாளுக்கு டப்பிங் தேவையில்லை. அதனால் இன்டர்வெல்லுக்கு ஒரு ஃபைட், க்ளைமாக்ஸுக்கு ஒரு ஃபைட் என்று முதலில் முடிவு செய்துகொண்டு, நடுவில் கதையை நிரப்புகிறார்கள்.

ரத்தம் தெறிப்பதைவிட எரிச்சலூட்டுவது, அதற்கு எந்த விளைவும் இல்லாமல் போவது. நல்ல படத்தில் ஒரே ஒரு வெட்டு விழும். வெட்டியவன் குடும்பமும் வெட்டுப்பட்டவன் குடும்பமும் என்ன ஆயின என்பதுதான் மீதிப் படம். இங்கே குடோனில் நாற்பது பேர் சரிகிறார்கள். போலீஸ் வராது, ஆம்புலன்ஸ் வராது. அடுத்த காட்சியில் ஹீரோ இஸ்திரி போட்ட சட்டையில் நிற்பார்.

ரஜினியின் ‘கூலி’க்கு ஏன் கோர்ட் வரை போனார்கள்? ஏ கிடைத்தால் என்ன குறைந்துவிடும்?
– வாசகர், திருநெல்வேலி

குடும்பக் கூட்டமும் டி.வி. உரிமையும். ஏ படத்தை அப்படியே டி.வி.யில் போட முடியாது. வெட்டி, யு அல்லது யுஏ-வாக (பெற்றோர் வழிகாட்டுதலோடு பிள்ளைகள் பார்க்கலாம்) மறுபடி சான்று வாங்க வேண்டும். அதுவும் எப்போதும் நடக்காது. மலையாள ‘மார்கோ’வுக்கு 2025-இல் அப்படி மாற்றித்தர தணிக்கை வாரியம் மறுத்துவிட்டது. ‘கூலி’ தயாரிப்பாளர்கள் யுஏ கேட்டுச் சென்னை உயர் நீதிமன்றம் போனார்கள். 2025 ஆகஸ்டில் மனு தள்ளுபடியானது. இதுபோன்ற படங்களுக்கு முன்பு யுஏ தரவில்லையா என்ற அவர்கள் கேள்வி ஒன்றும் பொய்யில்லை. 2023-இல் நடுத்தெருவில் தலை துண்டாகும் காட்சியோடுதான் ‘ஜெயிலர்’ யுஏ வாங்கியது. அளவுகோல் ஆளுக்கு ஆள், வருஷத்துக்கு வருஷம் மாறுகிறது என்பதுதான் நிஜமான பிரச்சினை.

யுஏ 13+ படத்துக்கு 9 வயதுப் பையனைக் கூட்டிப் போகலாமா?
– ஒரு அம்மா, ஓசூர்

சட்டப்படி தடை இல்லை. முன்பு இருந்த ஒரே யுஏ இப்போது 7+, 13+, 16+ என்று மூன்றாகியிருக்கிறது. மூன்றுமே பெற்றோருக்கான அறிவுரைதான். அதைக் காட்டி தியேட்டர்காரர் உங்கள் பையனைத் தடுக்க முடியாது. முடிவு உங்கள் கையில்.

போஸ்டரிலும் புக்கிங் ஆப்பிலும் எண்ணைப் பாருங்கள். 13+ என்றால், படம் வந்து இரண்டு நாள் கழித்து, பார்த்தவர்களிடம் ‘படம் எப்படி?’ என்று கேட்காமல், ‘கழுத்தறுப்பு உண்டா, குழந்தையைக் கடத்துவது, சித்திரவதை உண்டா?’ என்று கேளுங்கள். ஏழெட்டு வயதுவரை பிள்ளைகளுக்குப் பத்துப் பேர் பறந்து விழும் சண்டையைவிட, ஒரு அம்மாவையோ குழந்தையையோ கட்டிப்போட்டு மிரட்டும் காட்சிதான் ராத்திரித் தூக்கத்தைக் கெடுக்கும். டிரெய்லரை நம்ப வேண்டாம். மோசமான ஷாட் அதில் இருக்காது.

ஓடிடி-யில் பார்ப்பதானால் புரொஃபைலுக்கு ரகசிய எண் (PIN) போடுங்கள். 13+ முதல் லாக் வசதி தர வேண்டும் என்பது 2021 விதி. ஓடிடி தணிக்கை வாரியத்தின் கீழ் வராது. தியேட்டரில் வெட்டிய ஷாட் அங்கே இருக்கக்கூடும்.

சினிமா ரத்தம் எதில் செய்வது? மகள் நச்சரிக்கிறாள்.
– வாசகர், நாமக்கல்

சொல்லிக்கொடுங்கள், பயம் பாதி போய்விடும். சர்க்கரைப் பாகு அல்லது கார்ன் சிரப்பில் சிவப்பு ஃபுட் கலர். அது மட்டும் போட்டால் லைட்டில் ரோஸ் மில்க் மாதிரி தெரியும். அதனால் கொஞ்சம் கோகோ பவுடரோ ஒரு சொட்டு நீலமோ சேர்ப்பார்கள். தொல்லை என்னவென்றால் எறும்பு மொய்க்கும், காய்ந்தால் பிசுபிசுக்கும், கறை போகாது. ஒரே சட்டையில் நான்கைந்து வாங்கி வைப்பது அதனால்தான். குண்டடி என்றால் சட்டைக்குள் தகடு, அதன்மேல் சின்ன வெடி, அதன்மேல் ரத்தப் பை. துணியை முன்கூட்டியே லேசாகக் கீறி வைப்பார்கள். இப்போது பாதி கிராஃபிக்ஸ்.

குத்து கன்னத்தில் படாது. முஷ்டிக்கும் முகத்துக்கும் நடுவே இடைவெளி இருக்கும். கேமராவை ஒருவர் தோளுக்குப் பின்னால் வைத்து அதை மறைப்பார்கள். வாங்குபவர் சரியான நொடியில் தலையைத் திருப்பாவிட்டால் அந்த டேக் வேஸ்ட். ‘டிஷ்யூம்’ பிற்பாடு ஸ்டுடியோவில் சேர்வது.

ஆனால் எல்லாமே பொய் என்று சொல்லிவிடாதீர்கள். 2025 ஜூலையில் நாகப்பட்டினம் அருகே கார் பறந்து கவிழும் காட்சியை எடுக்கையில் ஒரு ஸ்டன்ட் கலைஞர் இறந்துபோனார்.

சினிமா பார்த்துத்தான் பசங்க கத்தி எடுக்கிறார்களா?
– ஆசிரியர், விழுப்புரம்

நேரடியாக அப்படிச் சொல்ல முடியாது. 1961-இல் ஆல்பர்ட் பண்டூரா என்ற உளவியலாளர், பெரியவர் ஒருவர் காற்றடைத்த பொம்மையைச் சுத்தியலால் அடிப்பதைக் குழந்தைகளுக்குக் காட்டினார். பிறகு அவர்களும் அதே மாதிரி, அதே சுத்தியலால் அடித்தார்கள். ஆனால் அடி வாங்கியது பொம்மை, அதுவும் சற்று நேரத்துக்குள். அதிலிருந்து கொலைக்குத் தாவ முடியாது. அடிக்கும் விதத்தைப் பிள்ளைகள் பிடித்துக்கொள்கிறார்கள் என்பதுவரை சொல்லலாம். அரிவாளோடு ரீல்ஸ் போட்டுக் கைதாகும் பையன்களைப் பாருங்கள். நடை, பின்னணி இசை, ஸ்லோ மோஷன் எல்லாம் எங்கிருந்து வந்தது என்று உங்களுக்கே தெரியும்.

சிகரெட் பிடித்தால் எச்சரிக்கை போடுகிறார்கள், கழுத்தை அறுத்தால் ஏன் போடுவதில்லை?
– வாசகர், காரைக்குடி

புகையிலைக்குத் தனிச் சட்டம் இருக்கிறது. கழுத்துக்கு இல்லை.

ஏ படத்துக்கு 6 வயதுக் குழந்தையோடு போனோம், உள்ளே விட்டுவிட்டார்கள். தப்பா?
– வாசகர், ஈரோடு

தப்புதான். 18 வயதுக்குக் குறைந்தவருக்கு ஏ படத்தைக் காட்டக் கூடாது என்று ஒளிப்பதிவுச் சட்டம் சொல்கிறது. மல்டிபிளெக்ஸில் வாசலிலேயே அடையாள அட்டை கேட்பார்கள். தனித் தியேட்டர்களில் கூட்டம் இருந்தால் கண்டுகொள்வதில்லை. ஆப்பில் புக் செய்யும்போது வரும் வயது அறிவிப்பைப் படிக்காமல் ஓகே அழுத்திவிட்டு, வாசலில் திருப்பி அனுப்பினால் பெரும்பாலும் பணம் வராது. குழந்தையை வீட்டில் விட ஆள் இல்லையென்றால் வேறு படத்துக்குப் போங்கள்.