மதுரையில் பல் கூசிய பானைத் தண்ணீர் சென்னையில் ஏன் குளிரவில்லை?

வாசகி ஒருவர் கேட்கிறார்: “மதுரையில் இருந்தவரை எங்கள் மண்பானைத் தண்ணீர் பல் கூசும். அதே பானையைத்தான் திருவான்மியூருக்கும் கொண்டுவந்தோம். இங்கே தண்ணீர் வெறும் பச்சைத் தண்ணீராகவே இருக்கிறது. பானை கெட்டுவிட்டதா? 74 வயது மாமியாருக்கு நாள் முழுக்க ஃபேன் ஓடினாலும் ‘புழுங்குதே’ என்கிறார். பால்கனியில் இருக்கும் செடித்தொட்டிகளை வீட்டுக்குள் கொண்டுவந்தால் குளுமை வருமா?”

மூன்று கேள்வி கேட்டிருக்கிறீர்கள். மூன்றுக்கும் ஒரே பதில்தான்: ஆவியாதல்.

முதலில் பானை. சுட்ட மண்ணில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் நிறைய. உள்ளே இருக்கும் தண்ணீர் அவற்றின் வழியே மெல்லக் கசிந்து வெளிப்பக்கம் வந்து ஆவியாகிறது. ஒரு கிராம் தண்ணீரின் சூட்டை ஒரு டிகிரி ஏற்ற 1 கலோரி போதும். அதே ஒரு கிராம் ஆவியாவதற்குச் சுமார் 580 கலோரி வேண்டும். பள்ளியில் உள்ளுறை வெப்பம் என்று படித்தோமே, அது இதுதான். அந்த வெப்பத்தில் பெரும்பகுதி பானையிலிருந்தும் உள்ளிருக்கும் தண்ணீரிலிருந்தும்தான் போகிறது. 10 லிட்டர் பானையில் 100 மில்லி ஆவியானால், கணக்குப்படி மிச்சத் தண்ணீர் ஏறக்குறைய 6 டிகிரி இறங்க வேண்டும். சுற்றியுள்ள காற்று சூட்டைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே இருப்பதால் நிஜத்தில் அவ்வளவு இறங்காது.

இப்போது ஊர் விஷயத்துக்கு வருவோம். காற்று ஏற்கெனவே ஈரத்தைச் சுமந்துகொண்டிருந்தால் பானையின் ஈரத்தை அவ்வளவு லேசில் வாங்கிக்கொள்ளாது. வெப்பம் 38 டிகிரி, ஈரப்பதம் 25 சதவீதம் என்றால், ஈரத்துணி சுற்றிய வெப்பமானி சுமார் 23 டிகிரி வரை இறங்கும். 34 டிகிரி, 75 சதவீதம் என்றால் 30-க்குக் கீழே போகாது. இதை ஈரக்குமிழ் வெப்பநிலை என்பார்கள். பானை எவ்வளவு முயன்றாலும் அதைத் தாண்டி இறங்க முடியாது. மதுரையின் வறண்ட மத்தியானம் முதல் கணக்குக்குப் பக்கம். கடற்கரையை ஒட்டிய உங்கள் வீடு இரண்டாவது கணக்குக்குப் பக்கம்.

ஒரு வேடிக்கை. மே மாதத்தில் சில நாட்கள் கடற்காற்று உள்ளே வரத் தாமதமாகி, மேற்கிலிருந்து வறண்ட அனல்காற்று வீசும். ஊரே திட்டிக்கொண்டிருக்கும் அந்த 40 டிகிரி நாளில் தண்ணீரைக் குடித்துப் பாருங்கள், உங்கள் மதுரைப் பானை திரும்பி வந்திருக்கும்!

அதனால் கடைக்காரர் மேலும் பானை மேலும் பழி போட வேண்டாம். ஆனால் பானையைத் தொட்டுப் பாருங்கள். வெளிப்பக்கம் ஈரமாக இருக்கிறதா? காய்ந்து, வெள்ளையாகப் பூத்திருந்தால் உப்பு துளைகளை அடைத்துவிட்டது என்று அர்த்தம். உங்கள் பகுதியில் போர்த் தண்ணீர் என்றால் அதற்கு வாய்ப்பு அதிகம். தேங்காய் நாரால் நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள். சோப்பு வேண்டாம், துளைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். அழகுக்காகப் பெயிண்ட் அடித்த பானையில் தண்ணீர் குளிராது. சமையலறை மூலையில் வைக்காமல், வெயில் படாத, காற்றோட்டமான ஜன்னலோரத்தில் ஈர மணல் மேல் வையுங்கள். இவ்வளவு செய்தால் இரண்டு மூன்று டிகிரி கிடைக்கும். பல் கூசாது.

அடுத்து மாமியார். நம் தோலும் ஒரு மண்பானைதான். வியர்வை ஆவியானால்தான் உடம்பு குளிரும். சொட்டுச் சொட்டாக வழிந்து ஓடும் வியர்வையால் தண்ணீரும் உப்பும் வீணாவதைத் தவிர ஒரு பயனும் இல்லை. ஃபேன் காற்றைக் குளிர வைப்பதில்லை, தோலை ஒட்டி நிற்கும் ஈரக்காற்றைத் தள்ளிவிடுகிறது. கதவு ஜன்னலைச் சாத்திவிட்டு ஓடவிட்டால் அதே ஈரக்காற்றையே சுற்றிச் சுற்றி அடிக்கும். எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து வையுங்கள். வயதானவர்களுக்கு வியர்ப்பது குறையும், தாகமும் சரியாகத் தெரியாது. அதனால் கைகளிலும் கழுத்திலும் ஈரத்துண்டால் துடைத்துவிட்டு, பிறகு ஃபேனுக்கு எதிரே உட்காரச் சொல்லுங்கள். வராத வியர்வைக்குப் பதில் அந்தத் தண்ணீர் வேலை செய்யும். அறையே 40 டிகிரியைத் தாண்டும் நாளில் ஃபேனை மட்டும் நம்பாதீர்கள், அது சூட்டைத்தான் உடம்பில் ஏற்றும். உடம்பு கொதித்து, பேச்சு குழறினாலோ மயங்கினாலோ காத்திருக்க வேண்டாம். உடனே 108-க்குச் சொல்லிவிட்டு, உடம்பில் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். மயக்கத்தில் இருப்பவருக்கு வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

செடிகளை உள்ளே கொண்டுவர வேண்டாம். இலைத்துளைகள் வழியே செடியும் நீராவியைத்தான் விடுகிறது. ஏற்கெனவே புழுங்கும் அறையில் இன்னும் ஈரம் சேரும், அவ்வளவுதான். வேப்பமரத்தடி குளுமையாக இருக்கிறதே என்று கேட்பீர்கள். அது திறந்த வெளி, நீராவி தங்காமல் போய்விடுகிறது. தவிர, தகரக் கூரை வெயிலில் காய்ந்து நம் தலையில் சூட்டை இறக்கும். வேப்பிலை நீராவிப்போக்கால் தன்னைக் குளிர்த்திக்கொள்வதால் அவ்வளவு சூடேறாது.

தொட்டிகள் பால்கனியிலேயே இருக்கட்டும். மேற்கு வெயில் விழும் சுவரை மறைக்கிற மாதிரி நகர்த்திவையுங்கள், முடிந்தால் ஒரு கொடியை ஏற்றிவிடுங்கள். மத்தியானம் இலை வாடியிருந்தால் பதறி உடனே தண்ணீர் ஊற்றாதீர்கள். வேர் ஏற்றுவதைவிட இலை வேகமாக இழக்கிறது. பல சமயம் சாயங்காலம் தானாக நிமிர்ந்துவிடும். மண்ணில் விரலை விட்டுப் பார்த்து, உள்ளேயும் காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள்.