கோசுக்கு அப்புறம் முள்ளங்கி போட்டும் வேர் வீக்கம் போகவில்லையே?

கேள்வி: கோத்தகிரி பக்கம் எங்களுக்கு 20 சென்ட் சரிவு நிலம், நான்கு படியாக இருக்கிறது. கீழ் இரண்டு படிகளில் மூன்று போகமாக முட்டைக்கோஸ் மதிய வெயிலில் துவண்டு, சாயங்காலம் நிமிர்ந்து, பிறகு வளராமலே நின்றுவிடுகிறது. பிடுங்கினால் வேர் இஞ்சிக்கிழங்கு போல வீங்கியிருக்கிறது. சுழற்சி முறை என்று கோசுக்கு அப்புறம் முள்ளங்கியும், பிறகு காலிஃபிளவரும் போட்டேன். பலனில்லை. மருந்து ஊற்றச் சொல்கிறார்கள். எந்தப் படியில் எதைப் போடுவது?

பதில்: முதலில் மருந்து வாங்கும் பணத்தைப் பத்திரமாக எடுத்து வையுங்கள். இது வேர் வீக்க நோய், கிளப் ரூட் என்பார்கள். வேர் வீங்கிய பிறகு எதை ஊற்றினாலும் அந்தச் செடி தேறாது. பாட்டிலைக் காட்டி ‘மூணு நாளில் நிமிர்ந்துடும்’ என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். சாயங்காலம் செடி தானாகவே நிமிரும், அதை மருந்தின் வேலை என்று காட்டி அடுத்த பாட்டிலையும் விற்றுவிடுவார்கள்.

சுழற்சியில் எங்கே தப்பு நடந்தது என்றால், கோஸ், காலிஃபிளவர், முள்ளங்கி, நூல்கோல், டர்னிப், கடுகு எல்லாமே ஒரே குடும்பம். ஒவ்வொரு போகமும் அந்த நோய்க்கு நீங்கள் பந்தி போட்டிருக்கிறீர்கள். உங்களைக் குறை சொல்லமாட்டேன். ‘பயிர் சுழற்சி செய்க’ என்று ஒரு வரி அச்சடித்துக் கொடுப்பதோடு கடமை முடிந்தது என்று நினைப்பவர்கள், குடும்பம் பார்த்து மாற்ற வேண்டும் என்ற அடுத்த வரியையும் சேர்த்து அச்சடித்தால் என்ன? எத்தனை வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்!

இந்த நோயின் வித்துகள் மண்ணில் பத்துப் பதினைந்து வருடம்கூடக் கிடக்கும். நம் மலை மண் புளித்த மண். புளிப்பும் ஈரமும் சேர்ந்தால் அதற்குக் கொண்டாட்டம். அதனால் கீழ் இரண்டு படிகளிலும் குறைந்தது நான்கு வருடத்துக்குக் கோஸ் குடும்பத்தில் எதுவும் வேண்டாம். மஞ்சள் பூவில் நான்கு இதழ் சிலுவை மாதிரி நிற்கும் கடுகுக் களை முளைத்தாலும் பிடுங்கிவிடுங்கள், அதிலும் நோய் தங்கும். புளிப்பு குறைய, மண்ணைப் பரிசோதித்து, சொல்லும் அளவுக்குச் சுண்ணாம்போ டாலமைட் கல்பொடியோ இட்டு, நடவுக்கு மூன்று நான்கு வாரம் முன்பே கொத்திக் கலந்துவிடுங்கள். பரிசோதனை முடிவு சில நேரம் போகம் முடிந்த பிறகுதான் கைக்கு வருகிறது. அதனால் மாதிரியை இந்த வாரமே கொடுத்துவிடுங்கள்.

இனி திட்டம். மேலிருந்து 1, 2, 3, 4 என்று படிகளுக்கு எண் வையுங்கள். கோஸ் வேண்டவே வேண்டாமா என்றால், உங்களுக்கு ஒரு விலக்கு உண்டு. மேல் இரண்டு படிகளிலும் நோய் இல்லை, தண்ணீரும் மேலிருந்து கீழேதான் போகிறது. அந்த இரண்டையும் பாதி பாதியாகப் பிரித்தால் நான்கு துண்டு. வருடத்துக்கு ஒரு துண்டில் மட்டும், ஒரே ஒரு போகம் கோஸ். முதல் வருடம் 1இல் ஒரு பாதி, அடுத்த வருடம் மறு பாதி, பிறகு 2இல் அதே போல. எந்த மண்ணுக்கும் நான்கு வருடத்துக்கு ஒரு முறைதான் கோஸ் வரும். ஆனால் கீழ்ப்படியில் வேலை செய்த மண்வெட்டியும் செருப்பும் கழுவாமல் மேலே ஏறினால் இந்த விலக்கு அன்றோடு செல்லாது. எந்த நாளும் மேலே முடித்துவிட்டுத்தான் கீழே இறங்க வேண்டும்.

உருளைக்கிழங்கும் வருடத்துக்கு ஒரு படிதான். கார்போகத்தில், ஏப்ரல்–மே நடவாக, முதல் வருடம் 2, பிறகு 3, 4, 1. புதிதாகச் சுண்ணாம்பு இட்ட படியில் அதே வருடம் உருளை போட்டால் கிழங்கில் சொறி வரும், அதனால்தான் இந்த வரிசை. இதிலும் அவசரம் வேண்டாம். உருளையின் வேரைத் தாக்கும் முட்டைக்கூடு நூற்புழுவை 1961இல் ஊட்டியில் கண்டுபிடித்தார்கள், இன்றைக்கும் அது நம் மண்ணை விட்டுப் போகவில்லை. தக்காளியும் உருளையின் குடும்பம், அதனால் அதுவும் உருளைக் கணக்குதான்.

மீதி இடத்தில் கேரட், பீட்ரூட், பூண்டு, பட்டாணி, பீன்ஸ் மாறி மாறி வரட்டும். நான்காம் படி பள்ளத்தில் இருப்பதால் டிசம்பர், ஜனவரியில் உறைபனி அங்கேதான் முதலில் இறங்கும். அப்போது பீன்ஸ் அங்கே நின்றால் ஒரே ராத்திரியில் கருகிவிடும். பூண்டோ கேரட்டோ தாங்கும்.

இத்தனையும் செய்துவிட்டு நாற்றை விலைக்கு வாங்கினால் எல்லாம் வீண். கேத்தி பக்கம் ஒரு வீட்டில், வண்டியில் வந்த நாற்றுக்கட்டு ஒன்றை வாளித் தண்ணீரில் அலசிப் பார்த்தேன். செம்மண் கரைந்ததும் சல்லி வேர்களில் கடுகளவு, மிளகளவு வீக்கங்கள் தெரிந்தன. அந்த அம்மா அதில் பாதியை அன்று காலையிலேயே நட்டு முடித்திருந்தார். குழித்தட்டில் தென்னை நார்க்கழிவு நிரப்பி நீங்களே விதை போடுங்கள், நான்கைந்து வாரத்தில் நாற்று தயார்.

அப்புறம், விதையும் உரமும் கடனுக்குக் கொடுத்து ‘கோஸ் போடுங்க, நான் எடுத்துக்கிறேன்’ என்று வரும் கமிஷன்காரர். அவருக்கு லோடு நிரம்ப வேண்டும். எந்தப் படியில் என்ன நோய் என்பது அவருக்குக் கணக்கில்லை. கடன் வாங்கிவிட்டால் உங்கள் சுழற்சியை அவர்தான் முடிவு செய்வார். முதல் இரண்டு வருடமாவது சொந்த விதையில், சின்ன அளவில் போங்கள்.

கடைசியாக ஒன்று கேட்கிறேன். பிடுங்கிய வீங்கிய வேர்களை எங்கே போட்டீர்கள்? குப்பைக்குழியில் என்றால், அந்த எருவை எந்தப் படிக்கும் எடுக்காதீர்கள். மாட்டுக்குப் போட்டிருந்தாலும் சாணத்தில் அந்த வித்து உயிரோடு வரும். வயலில் இன்னும் நிற்கும் செடிகளை வேர் அறாமல் மண்ணோடு தோண்டி, சாக்கில் கட்டி வெளியே எடுத்து, காயவைத்து எரியுங்கள். வேர் அழுகி உடைவதற்குள், இந்த மழைக்கு முன்பே செய்ய வேண்டும்.