மறுபடியும் ரேஸுக்கு: சைக்கிள் கேள்வி–பதில்

கேள்வி: வயது 38. முன்பு மாவட்ட அளவில் ரோடு ரேஸ் ஓட்டியவன். குழந்தை பிறந்த பிறகு 14 மாதமாக சைக்கிளைத் தொடவில்லை. அப்போது என் எஃப்டிபி (சுமார் ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்க முடிகிற சராசரி சக்தி) 255 வாட். இன்னும் 12 வாரத்தில் 60 கிலோமீட்டர் ரேஸ் ஒன்று வருகிறது. பழைய பயிற்சி அட்டவணையையே எடுத்துக்கொள்ளலாமா?
(வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: வேண்டாம். அந்த அட்டவணையில் உள்ள ஒவ்வொரு எண்ணும் 255-ஐ வைத்துப் போட்டது.

ஓட்டுவதை நிறுத்திய முதல் 2, 3 வாரத்திலேயே ரத்தத்தின் திரவப் பகுதியான பிளாஸ்மா குறைந்துவிடும். பழைய வேகத்தில் போனாலே இதயத்துடிப்பு எகிறுவது அதனால்தான். திரும்ப ஓட்ட ஆரம்பித்தால் இது சீக்கிரமே ஏறிவிடும். 4, 5 வாரத்தில் மூச்சும் பிடிபடும். வம்பே அங்கேதான். முழங்கால் சிப்பிக்குக் கீழே உள்ள தசைநாண் அதே வேகத்தில் பலம் பெறாது. மூச்சு வாங்கவில்லையே என்று மிதிப்பீர்கள், ஐந்தாவது வாரம் முட்டி முன்பக்கம் வலிக்கும்.

முதல் 3 வாரம்: வாரத்துக்கு 4 நாள், 45 முதல் 75 நிமிடம். பக்கத்தில் வருபவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகம். பெடல் சுற்று நிமிடத்துக்கு 85 முதல் 95. மேட்டில் பெரிய செயின்ரிங் (பெடல் பக்கத்துப் பல்சக்கரம்) வேண்டாம்.

எஃப்டிபி சோதனையை மூன்றாவது வாரக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். 20 நிமிடம் உடம்பைச் சூடாக்கி, 5 நிமிடம் கடினமாக, 10 நிமிடம் சும்மா மிதித்து, பிறகு 20 நிமிடம் சீராக முழு பலத்தோடு. அந்த 20 நிமிடச் சராசரியில் 95 சதவீதம்தான் கணக்கு. சராசரி 210 வந்தால் உங்கள் எஃப்டிபி சுமார் 200.

பழைய எண்ணை வைத்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். அட்டவணையில் "90 சதவீதத்தில் 20 நிமிடம்" என்றிருக்கும். 255-க்கு அது 230 வாட். இன்றைய 200-க்கு அதே 230 வாட் 115 சதவீதம், அதாவது 3 நிமிட இன்டர்வெலுக்கான (கடினமாக ஓட்டி, இளைப்பாறி, திரும்ப ஓட்டும் பயிற்சிக்கான) அளவு. ஆறேழு நிமிடத்தில் கால் கல்லாகும். "எனக்கு வயசாகிவிட்டது" என்று முடிவுகட்டி சைக்கிளை மறுபடி மூலையில் சாத்துகிறவர்களில் பலர் தோற்பது இந்தக் கணக்கில்தான்.

நான்காவது வாரம் மொத்த நேரத்தை மூன்றில் ஒரு பங்கு குறையுங்கள். ஐந்திலிருந்து எட்டு வரை வாரத்துக்கு 2 கடின நாள் மட்டும் (எஃப்டிபி 200 என்று வைத்து): ஒன்றில் 180 வாட்டில் 10 நிமிடம் மூன்று முறை, நடுவில் 5 நிமிட ஓய்வு, மற்றதில் 220 வாட்டில் 3 நிமிடம் ஐந்து முறை, ஓய்வும் 3 நிமிடம். இரண்டுக்கும் நடுவே 48 மணி நேரமாவது விடுங்கள். எட்டாவது வாரம் மறுபடி சோதனை. ஒன்பதிலிருந்து பதினொன்று வரை ஞாயிறு குழு ரைடு, அதில் 30 விநாடி அட்டாக்குகள் (திடீர்ப் பாய்ச்சல்கள்). கடைசி வாரம் மணி நேரத்தைப் பாதியாக்குங்கள். கடின ஓட்டத்தை அறவே விடாமல் 3 நிமிட இன்டர்வெல் மூன்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஒரு வருட இடைவெளிக்குப் பிறகு கொல்லிமலை ஏறலாம் என்றிருக்கிறேன். முன்பக்கப் பல்சக்கரம் 34 பல், பின்பக்கம் பெரியது 28 பல். போதுமா?
(வாசகர், நாமக்கல்)

பதில்: 70 கொண்டை ஊசி வளைவு. மணிக்கு 8 கிலோமீட்டரில் ஏறினால் 34–28 கியரில் பெடல் நிமிடத்துக்கு 52 சுற்றுதான் சுற்றும். முட்டியில் ஏறி நின்று மிதிப்பது மாதிரி. பின்னால் 34 பல் போட்டால் அதே வேகத்தில் 63 சுற்று. பழைய ஷார்ட் கேஜ் டெரெய்லர்கள் (கை குட்டையான, பின்பக்க கியர் மாற்றும் கருவிகள்) பல 34 பல்லை ஏற்காது. மாடல் எண்ணைப் பார்த்துவிட்டு கேசட் (பின்பக்கப் பல்சக்கரத் தொகுதி) வாங்குங்கள். செயினையும் இரண்டு மூன்று கண்ணி நீளமாக்க வேண்டிவரும். முதல் மாதத்தில் மலையே வேண்டாம் என்பதுதான் எங்கள் கட்சி.

கேள்வி: 2 வருடமாக பால்கனியில் நிற்கிறது என் ரோடு பைக். வீடு கடற்கரைக்கு அருகில். காற்றடித்து, செயினுக்கு எண்ணெய் விட்டால் போதாதா?
(வாசகர், சென்னை)

பதில்: உப்புக்காற்று வெளியே காட்டாமல் உள்ளே தின்னும். முதலில் ஹேண்டில்பார் டேப்பை உரியுங்கள். வியர்வை உப்பு டேப்புக்கு அடியில் தேங்கி அலுமினியத்தை அரித்திருக்கும், முக்கியமாக பிரேக் லீவர் கவ்வுகிற இடத்தில். வெள்ளைப் பொடி மட்டும் என்றால் துடைத்துவிட்டுப் பாருங்கள். நகம் சிக்குகிற குழி இருந்தால் பாரை மாற்றிவிடுங்கள். ஸ்பிரின்ட் இழுக்கும்போது ஒடிவது அந்தக் குழியில்தான்.

அடுத்து சீட் போஸ்ட். உயரத்தை டேப் ஒட்டிக் குறித்துக்கொண்டு வெளியே எடுங்கள். அலுமினியம் என்றால் கிரீஸ், கார்பன் என்றால் கார்பன் பேஸ்ட். மாற்றிப் போட்டால் கார்பன் போஸ்ட் வழுக்கி இறங்கும்.

டியூப்லெஸ் டயருக்குள் ஓட்டையை அடைக்க விடும் திரவமான சீலன்ட் நம் வெயிலில் சில மாதத்தில் காய்ந்து ரப்பர் தோலாகிவிடும். உரித்தெடுத்து டயருக்கு 30 முதல் 40 மில்லி புதிதாக விடுங்கள். டயர் பக்கவாட்டில் வெடிப்பு இருந்தால் அந்த டயருக்கு ரேஸ் கிடையாது.

செயின் தேய்மானத்தை அளக்கும் கேஜ் இல்லாவிட்டால் இரும்பு ஸ்கேல் போதும். 12 முழுக் கண்ணி சரியாக 12 அங்குலம் இருக்க வேண்டும். ஒன்றரை மில்லிமீட்டர் கூடுதல் என்றால் 0.5 சதவீதம் நீண்டுவிட்டது. 11, 12 ஸ்பீடு செயினுக்கு அதுதான் எல்லை. தாமதித்தால் கேசட்டும் சேர்ந்து போகும்.

ஹைட்ராலிக் பிரேக் என்றால் என்ன திரவம் என்று லீவரிலேயே எழுதியிருக்கும். ஷிமானோ மினரல் ஆயில். டாட் (DOT) என்ற மற்ற வகை பிரேக் திரவத்தை அதில் விட்டால் உள்ளே உள்ள சீல்கள் கெடும்.

கேள்வி: உடம்பு திரும்பிவிட்டது, ஆனால் கூட்டத்துக்குள் ஓட்டப் பயமாக இருக்கிறது. பின்னாலேயே தங்கிவிடுகிறேன்.
(வாசகி, திருச்சி)

பதில்: பின்னால் தங்குவதும் பாதுகாப்பில்லை, சகோதரி. முன்னே ஒருவர் பிரேக் தொட்டால் கடைசியில் இருப்பவர் அழுத்தி நிறுத்தி, மறுபடி விரட்ட வேண்டும். ஒருவர் வீலைப் பிடித்து, அதாவது அவர் பின்னால் ஒட்டியே, போனால் சுமார் 30 சதவீதம் உழைப்பு மிச்சம். வால் இழுபட்டால் அந்த மிச்சமெல்லாம் போய்விடும்.

முன்னால் போகிறவரின் பின் டயரையே பார்க்காதீர்கள். அவர் தோளுக்கு மேலாக, இரண்டு மூன்று பேர் தாண்டிப் பாருங்கள். உங்கள் முன் டயர் அவருடைய பின் டயரைப் பக்கவாட்டில் கடந்து நிற்கக் கூடாது. அவர் அரை அடி நகர்ந்தால் விழப்போவது நீங்கள், அவர் அல்ல. டயர் உரசிவிட்டால் விலகத்தான் கை துடிக்கும். அப்படி வெட்டித் திருப்பும்போதுதான் விழுகிறோம். உரசும் பக்கம் லேசாகச் சாய்ந்து, வேகத்தைக் குறைத்துப் பிரியுங்கள். தோழி ஒருவரோடு புல் தரையில், நடை வேகத்தில், தோளோடு தோள் இடித்து ஓட்டிப் பழகுங்கள். பிறகு நால்வர் குழு, அதன் பிறகே பெரிய கூட்டம்.

கேள்வி: ரேஸ் காலை 6 மணிக்கு. எனர்ஜி ஜெல் விலை கட்டுப்படியாகவில்லை. வேறென்ன சாப்பிடலாம்?
(வாசகர், மதுரை)

பதில்: முதல் நாள் இரவு சோறு தாராளமாக, எண்ணெய் குறைவாக. நாலரை மணிக்கு 2 வாழைப்பழம், ஜாம் தடவிய ரொட்டி. ஓடும்போது 750 மில்லி பாட்டிலில் சமன்செய்த 10 டீஸ்பூன் சர்க்கரை (சுமார் 40 கிராம்), 1 கிராம் உப்பு, அரை எலுமிச்சை. மணிக்கு ஒரு பாட்டில், கூடவே ஒரு வாழைப்பழம்: 60 கிராமுக்கு மேல் மாவுச்சத்து சேர்ந்துவிடும். இளநீரில் பொட்டாசியம் நிறைய, ஆனால் வியர்வையில் நாம் இழக்கிற சோடியம் அதில் குறைவு. ரேஸ் முடிந்து குடியுங்கள். கடலை மிட்டாயின் கொழுப்பு வயிற்றில் தங்கும், பயிற்சிக்கு மட்டும். இந்தக் கரைசலையும் 3, 4 ஞாயிறு பயிற்சியில் குடித்துப் பாருங்கள். வயிற்றுக்கும் பழக்கம் விட்டுப்போயிருக்கும்.

கேள்வி: வயது 46. டெங்கு குணமாகி 6 வாரம் ஆகிறது. இன்டர்வெல் ஆரம்பிக்கலாமா?
(வாசகர், சேலம்)

பதில்: டாக்டரைப் பார்க்காமல் வேண்டாம். டெங்கு சிலருக்கு இதயத் தசையிலும் வீக்கம் உண்டாக்கும்; ரத்தப் பரிசோதனையோடு ஈசிஜியும் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். அனுமதி கிடைத்த பிறகும் தினம் காலையில் படுக்கையிலேயே நாடி பாருங்கள். வழக்கத்தைவிட 7, 8 துடிப்பு கூடுதலாக இருந்தால் அன்று ஓய்வு. ஓட்டும்போது நெஞ்சு இறுக்கமோ படபடப்போ தலைசுற்றலோ வந்தால் அந்த இடத்திலேயே இறங்கிவிடுங்கள். வீடு வரை ஓட்டிக்கொண்டு வர வேண்டாம், யாரையாவது வண்டியோடு வரச் சொல்லுங்கள்.