புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நிதி திரட்ட உயரமான மலைப் பாதையில் நடக்கப் போகிறேன். எதில் கவனமாக இருக்க வேண்டும்?

தாராளமாகப் போய் வாருங்கள். நான் எவரெஸ்ட் பேஸ் கேம்ப் பாதையில் நடந்தது என் அண்ணனுக்காக. அவருக்கு சி.எம்.எல். என்ற ரத்தப் புற்றுநோய். தினமும் ஒரு மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்குப் போய் வருகிறார். அந்த இமாட்டினிப் மாத்திரைக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்ததே 2001-ல்தான். இந்த நோயாளிகளின் ரத்தத்தில் ஒரு குரோமோசோம் மட்டும் குட்டையாக இருப்பதைக் கண்டது 1960-ல். அந்தக் கோளாறின் விளைவைத் தடுக்கத்தான் இந்த மாத்திரையை உருவாக்கினார்கள். இடையில் 40 வருஷம். அத்தனை வருஷமும் யார் யாரோ கொடுத்த பணத்தில் நடந்த ஆராய்ச்சியால்தான் அண்ணன் இன்று எங்களோடு இருக்கிறார்.

பயணச் செலவைக் கைக்காசில் பாருங்கள். திரட்டும் பணத்திலிருந்து அதை எடுப்பதாக இருந்தால், கொடுப்பவர்களிடம் முன்பே சொல்லிவிடுங்கள். நன்கொடை நேராக ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்குக்கே போகட்டும்.

சரி, மலை. 3,000 மீட்டரைத் தாண்டியபின், இரவு தூங்கும் இடம் ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் உயரக் கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை அதே இடத்தில் இன்னொரு இரவு தங்க வேண்டும். நாம்சேயிலும் டிங்போச்சேயிலும் நாங்கள் அப்படித்தான் தங்கினோம். நன்றாக ஓடிப் பழகிய உடம்புக்கும் மலைநோய் வரும், அதாவது உயரத்தில் ஆக்சிஜன் குறைவதால் வரும் கோளாறு.

எனக்கு லோபுசேயில் வந்தது. அது 4,900 மீட்டருக்கு மேல். இரவெல்லாம் தலைவலி, யாரிடமும் சொல்லவில்லை. காலையில் ஷூ கயிறு கட்டினேன். மூன்று முறையும் முடிச்சு விழவில்லை. பார்த்துக்கொண்டிருந்த வழிகாட்டி, தரையில் குச்சியால் ஒரு கோடு கிழித்து, குதிகாலை விரல் நுனியோடு ஒட்டி வைத்து நடக்கச் சொன்னார். நாலாவது அடியில் சாய்ந்துவிட்டேன். “இறங்கலாம்” என்றார். “இத்தனை பேர் பணம் போட்டிருக்கிறார்களே” என்று கெஞ்சினேன். என் பையையும் அவரே தூக்கிக்கொண்டு, கையைப் பிடித்துக் கீழே பெரிச்சேவுக்குக் கூட்டிப் போனார். மலைநோய்க்கென்றே அங்கே ஒரு மருத்துவ நிலையம் இருக்கிறது. சாயங்காலத்துக்குள் தலை தெளிந்துவிட்டது. அன்று மேலே போயிருந்தால் மூளை வீங்கி உயிரே போயிருக்கலாம்.

பேஸ் கேம்ப்பைத் தொடவில்லை என்று எல்லோருக்கும் எழுதினேன். ஒருவர்கூடப் பணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை. இரண்டு பேர் மறுபடியும் அனுப்பினார்கள். புற்றுநோயால் ஒரு காலை இழந்தபின், ஆராய்ச்சிக்குப் பணம் திரட்டக் கனடாவைக் குறுக்கே ஓடிக் கடக்கக் கிளம்பிய டெர்ரி ஃபாக்ஸ், புற்றுநோய் நுரையீரலுக்குப் பரவியதால் 1980-ல் 143-வது நாளில் நிறுத்த வேண்டியதாயிற்று. அவர் பெயரில் இன்றும் ஓடுகிறார்கள், ஆராய்ச்சிக்குப் பணம் சேர்ந்துகொண்டே இருக்கிறது.

அதனால், நன்கொடை கேட்டு எழுதும்போதே “பாதியில் திரும்ப நேரலாம், அப்போதும் உங்கள் பணம் ஆராய்ச்சிக்கே போகும்” என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். அப்புறம் மேலே தலை வலித்தால், வழிகாட்டியை எழுப்பிச் சொல்லத் தயக்கம் இருக்காது. எனக்கு அந்த இரவு முழுக்க அந்தத் தயக்கம்தான்.