அலுமாரிக்கு மேலே ஒரு துடுப்பு

கேள்வி: என் மகளுக்கு 15 வயது. அடுத்த வருடம் ஓ.எல். பரீட்சை. பாடசாலை கிரிக்கெட் அணியில் முதல் ஆளாக இறங்கித் துடுப்பாடுகிறாள். "சமரி அக்கா மாதிரி இதையே தொழிலாக எடுக்கப் போறன்" என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். ரியூசனுக்குப் போகாமல் பயிற்சிக்குப் போனது தெரிந்ததும் அவளின் அப்பா துடுப்பை அலுமாரிக்கு மேலே போட்டுவிட்டார். பெண் பிள்ளைக்கு இது சோறு போடுமா அக்கா?
– ஒரு தாய், கோண்டாவில்

பதில்: தங்கச்சி, சோறு போடும். எல்லாருக்கும் போடாது, போடுகிறவர்களுக்கும் நேரத்துக்குப் போடாது.

மகள் சொல்லும் இலங்கை வீராங்கனை சமரி அத்தபத்துவையே பாருங்கள். 2017 உலகக் கிண்ணத்தில் அவுஸ்திரேலியாவுக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 178 ஓட்டம் அடித்தார். அணியின் மொத்தமே 257. அப்படி அடித்தும் தோல்விதான். 2023இல் இந்தியாவின் பெண்கள் பிரீமியர் லீக் முதன்முதலாக ஏலம் வைத்தபோது அவரை எவரும் எடுக்கவில்லை. அதே வருடம் அவுஸ்திரேலியாவின் பிக் பாஷ் தொடருக்கான தெரிவிலும் அவரை விட்டுவிட்டார்கள். பிறகு சிட்னி தண்டர் அணி சேர்த்துக்கொண்டது. அந்தத் தொடரின் சிறந்த வீராங்கனை அவர்தான். சரி, அடுத்த இந்திய ஏலத்தில் அள்ளிக்கொண்டு போயிருப்பார்கள் என்று நினைப்பீர்கள். இல்லை, மறுபடியும் ஆளில்லை. வேறொருத்தி விலகிய பிறகுதான் யூபி வாரியர்ஸ் அணி கூப்பிட்டது. தென்னாபிரிக்காவில் 195 அடித்து, 300ஐத் தாண்டிய இலக்கை எட்ட வைத்தது 2024 ஏப்ரலில். அப்போது வயது 34.

மகளிடம் அந்த 178ஐப் பற்றிப் பேச வேண்டாம், அவளுக்கு அது மனப்பாடமாகவே இருக்கும். யாரும் எடுக்காத அந்த இரண்டு ஏலங்களைப் பற்றிக் கேளுங்கள். அப்படிக் காத்திருக்கும் காலத்தில் கையில் ஒரு சம்பளம் வேண்டாமா? ஓ.எல்லும் ஏ.எல்லும் அதற்குத்தான். தெற்கில் பல வீராங்கனைகளுக்கு அந்தச் சம்பளத்தைக் கொடுப்பது முப்படைகளின் கழகங்கள். போர் கண்ட எங்கள் வீடுகளில் 'படை' என்ற சொல்லுக்கு வேறு கனம் இருக்கிறது. அதனால் எங்கள் பிள்ளைக்குப் படிப்பு இன்னும் ஒருபடி அவசியம்.

இப்போது செய்யக்கூடியதைச் சொல்கிறேன். அவள் விளையாடுவது மென்பந்தா, கடினப்பந்தா? மென்பந்தில் ஊரையே கலக்கும் பிள்ளைகள் கடினப்பந்து நெஞ்சுக்கு எழும்பினால் கண்ணை மூடிவிடுவார்கள். பெண்களுக்கான பந்து 140 முதல் 151 கிராம், ஆண்களுடையதைவிடக் கொஞ்சம் சிறியது. பயிற்சி அந்தப் பந்தில்தான் இருக்க வேண்டும். அப்புறம் சிங்களம். தெரிவுக்குக் கொழும்பு போனால், வீராங்கனைகளின் அறையில் பகிடி விளங்காமல் மூலையில் இருக்கும் பிள்ளைக்கு அடுத்த நாள் ஓட்டமும் வராது. 19 வயதுக்குட்பட்ட பெண்களுக்கான உலகக் கிண்ணம் 2023இல் தொடங்கியிருக்கிறது. அந்த வயது வரை அவளுக்கு நாலு வருடம் கொடுக்கலாம்.

இனி அவளின் அப்பா. மார்ச் வந்தால் யாழ்ப்பாணத்தின் சென்றல் – சென். ஜோன்ஸ் கல்லூரிகளின் பிக் மட்சுக்கு வேலைக்கு லீவு போட்டுவிட்டுப் போகிற ஆட்களை எனக்குத் தெரியும். 1904இலிருந்து ஊர் கொண்டாடுகிற ஆட்டம் அது. சென்றலில் படித்த வியாஸ்காந்த் 2024இல் ஐ.பி.எல்லில் பந்து வீசியபோது "எங்கட பொடியன்" என்று சொல்லாதவர் யார்? உங்கள் வீட்டுக்காரரும் சொல்லியிருப்பார். அதை மெதுவாக ஞாபகப்படுத்துங்கள். சாப்பாட்டு நேரத்தில் வேண்டாம்.

ரியூசனை ஒளித்ததற்கு மகளுக்கு ஏச்சு விழத்தான் வேண்டும், அதில் நான் அப்பாவின் பக்கம். வாரத்தில் எத்தனை நாள் ரியூசன், எத்தனை நாள் மைதானம் என்று மூன்று பேருமாக இருந்து எழுதுங்கள். ஓ.எல்லுக்கு முந்திய மூன்று மாதம் மைதானம் குறையட்டும், அடியோடு நிற்க வேண்டாம்.

துடுப்பை இறக்கினால் உடனே பந்தடிக்க விடாதீர்கள். அந்த வெக்கையில் கிடந்து மரம் காய்ந்திருக்கும். கொஞ்சம் லின்சீட் எண்ணெய் பூசி, ஒரு நாள் படுக்கையாக வைக்கச் சொல்லுங்கள்.