கல் விழுந்த போப்பும் பேசாத அம்மாவும்

கேள்வி: சிற்பக்கலை படிக்கிறேன். போப் இரண்டாம் ஜான் பால் மேல் விண்கல் விழுந்து கிடப்பது போன்ற சிற்பத்தின் படத்தை என் அறைச் சுவரில் ஒட்டினேன். தினமும் ஜெபமாலை சொல்கிற அம்மா அதைப் பார்த்து அழுதுவிட்டார். “உங்களுக்குக் கலை புரியாது” என்றேன். நான்கு நாளாகப் பேச்சில்லை. நான் செய்தது தப்பா?

பதில்: படம் ஒட்டியது தப்பில்லை. அம்மாவிடம் சொன்னீர்களே ஒரு வார்த்தை, அதுதான் தப்பு. முதலில் அதற்கு மன்னிப்புக் கேளுங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.

அது இத்தாலியர் மவுரிசியோ கட்டெலான் 1999-இல் செய்த ‘லா நோனா ஓரா’. அந்தப் போப் அப்போது உயிரோடு இருந்தார். 1981-இல் துப்பாக்கிக் குண்டு பாய்ந்தும் பிழைத்தவர், பார்க்கின்சன் நோயில் கை நடுங்க நடுங்க மக்கள் முன்னால் வந்துகொண்டிருந்தவர். அவரை ஆளுயர மெழுகில் செய்து, சிவப்புக் கம்பளத்தில் சாய்த்து, மேலே கல்லையும் வைத்தால், அவரைத் தகப்பனாக நினைக்கிறவர்களுக்கு வலிக்காதா? 2000 டிசம்பரில், அவருடைய சொந்த நாடான போலந்தில், வார்சாவின் ஸஹென்டா காட்சியகத்தில் இது இருந்தபோது, இரண்டு நாடாளுமன்ற உறுப்பினர்கள் கல்லை அப்புறப்படுத்திவிட்டு அவரைத் தூக்கி நிறுத்தப் பார்த்தார்கள். எனக்கு இதில் சிரிப்பு வரவில்லை. (காட்சிக்கு வைத்ததில் கைவைக்கலாம் என்று சொல்லவில்லை!) விழுந்து கிடக்கும் வயசானவரைப் பார்த்தால் ஓடிப்போய்த் தூக்கத்தானே தோன்றும்? சிற்பம் அவர்களைச் சும்மா விடவில்லை. இதில் வேடிக்கை, கட்டெலானும் முதலில் போப்பை நின்ற கோலத்தில்தான் செய்தார், ஏதோ குறைகிறது என்று தோன்றிய பிறகே விழவைத்தார்.

சரி, அம்மாவிடம் எப்படிப் பேசுவது? தலைப்பின் பொருள் ‘ஒன்பதாம் மணி நேரம்’. சிலுவையில் இயேசு “ஏன் என்னைக் கைவிட்டீர்” என்று கதறிய வேளை, நம் கணக்கில் பிற்பகல் மூன்று மணி. இது உங்களைவிட அம்மாவுக்கு நன்றாகத் தெரியும், அதனால் நீங்கள் பாடம் எடுக்காமல் அவரையே சொல்லச் சொல்லிக் கேளுங்கள். பிறகு அந்தக் கைகளைக் காட்டுங்கள்: கல் அழுத்துகிறது, கண் மூடியிருக்கிறது, சிலுவைக் கோலை மட்டும் அவர் விடவில்லை. இதைக் கேலி என்று மட்டும் என்னால் பார்க்க முடியவில்லை. அம்மாவுக்கு வேறு மாதிரித் தோன்றலாம்.

அதுவரை படத்தைக் கழற்றி உங்கள் நோட்டுக்குள் வையுங்கள். பேசிய பிறகும் அவருக்குப் பிடிக்கவில்லையா, விட்டுவிடுங்கள். கட்டெலானுக்கு நீங்கள் வக்காலத்து வாங்க வேண்டியதில்லை. 2001-லேயே இது ஏலத்தில் 8,86,000 டாலருக்குப் போயாயிற்று.