மினிமம் கட்டத் தவறியதே இல்லையாம்!

கேள்வி: சேலம் சூரமங்கலத்தில் இருக்கிறேன். சம்பளம் கைக்கு 42,000. ஒரு வருடமாக ஆட்டோமேட்டிக் வாட்ச் மெஷினைப் பிரித்து மாட்டப் பழகுகிறேன். கருவி, எண்ணெய், உதிரி எல்லாம் கிரெடிட் கார்டில்தான், பாக்கி 90,000. ஒரு மாதம்கூட மினிமம் கட்டத் தவறியதில்லை. இப்போது 14,000-க்கு டைம்கிராஃபர் (வாட்ச் சரியாக ஓடுகிறதா என்று அளக்கும் கருவி) வாங்க ஆசை. மச்சினன் வேறு, 50,000 போட்டுப் பழைய வாட்ச்களை மொத்தமாக வாங்கி சர்வீஸ் செய்து விற்கலாம் என்கிறான். மகள் காதுகுத்துக்கு வைத்த 1,20,000 எஃப்.டி.யைத் தொடாமல் ஒரு வழி சொல்லுங்கள்.

பதில்: தொடாமல் வழி இல்லை. வீட்டில் சொல்லிவிட்டு இந்த வாரமே உடையுங்கள்.

மினிமம் தவறியதில்லை என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், சிக்கலே அங்கேதான். வட்டி மாதம் 3.5% என்று வைத்துக்கொண்டால் 90,000-க்கு 3,150, அதன்மேல் 18% ஜி.எஸ்.டி., ஆக ஏறக்குறைய 3,700. நீங்கள் கட்டும் 5% மினிமம் 4,500. அசலில் குறைவது 800 ரூபாய், அந்த மாதமே 3,000-க்கு உதிரி வாங்கினால் பாக்கி ஏறத்தானே செய்யும்? இன்னொன்று, பழைய பாக்கி நிற்கும்வரை புதிதாக வாங்கும் எதற்கும் வட்டியில்லா நாட்கள் கிடையாது, வாங்கிய அன்றே மீட்டர் ஓட ஆரம்பித்துவிடும்.

எஃப்.டி. 7% தருகிறது என்றால் வருடத்துக்கு 8,400. கார்டு தின்பது 44,000-க்கு மேல். முன்கூட்டி உடைத்தால் வட்டியில் அரை, ஒரு சதவீதம் பிடிப்பார்கள், போகட்டும். 90,000-ஐ ஒரே தடவையில் அடைத்துவிட்டு, அதே 4,500-ஐ மாதாமாதம் ஆர்.டி.யில் போடுங்கள், 20 மாதத்தில் 90,000 திரும்பிவிடும். காதுகுத்து அதற்கு முன்பே என்றால் மீதி 30,000-க்குள் முடிகிற மாதிரி செய்யுங்கள்.

பொழுதுபோக்கை விடச் சொல்லவில்லை. மாதம் 1,500, அதுவும் யு.பி.ஐ.யில் மட்டும். 2 மி.லி. எண்ணெய்ப் புட்டி ஒன்று உங்களுக்கு வருடக்கணக்கில் வரும், விதவிதமாக வாங்கி அடுக்க வேண்டாம். டிக் சத்தத்தைக் கேட்டு நாளுக்கு எத்தனை நொடி முன்பின் ஓடுகிறது என்று சொல்லும் இலவச ஆப் போனுக்கே கிடைக்கிறது, டைம்கிராஃபருக்குப் பதில் பழகும் கைக்கு அது போதும். பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ரிப்பேர் கடை வைத்திருப்பவரிடம் ஓடாத எச்.எம்.டி. கை வைண்டிங் மெஷின் கேட்டுப் பாருங்கள், கை அசைவில் சுற்றித் தானாகச் சாவி கொடுக்கும் ரோட்டர் தொல்லை இல்லாமல் பழகலாம், ஹேர்ஸ்பிரிங் என்கிற மெல்லிய சுருள் கம்பி வளைந்தாலும் வயிறு எரியாது.

அப்புறம் மச்சினன். வாட்ச்தான் இப்போது முதலீடு என்று ஆளாளுக்கு வீடியோ போடுகிறார்கள். மொத்தமாக வரும் பழைய வாட்ச்களில் டயல் மறுபடி பெயின்ட் அடித்தது, நாலு வாட்ச் பாகத்தை ஒன்றாக்கியது எல்லாம் கலந்திருக்கும், அதைப் பிரித்தறிய ஒரு வருடப் பழக்கம் போதாது. அவ்வளவு நம்பிக்கை இருந்தால் 50,000-ஐ அவரே போடட்டும், நீங்கள் வாட்ச்சுக்கு இவ்வளவு என்று சர்வீஸ் கூலி மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள்.